எங்கள் வீட்டு முழுக்கோழி ரோஸ்ட்

நர்சிங் படித்து முடித்த என் மகளுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் மலையூரிலிருந்து அந்த வேலைக்குப் போகும் முதல் பெண் அவள்தான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். களியும் கோழிக்குழம்பும் கேட்பாள் என்று நினைத்திருந்தேன்.

“முழுக்கோழி ரோஸ்ட்டு செய்ம்மா. பழத்து மேல மாவு உதுத்துப் போட்டு ஒரு இனிப்பு செய்வியே, அதுவும். ஃபோன்லயே எத்தினி தடவ சாப்ட்டுக்கீறேன்! ஒரு தடவ நெசமா குடு.”

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நானும் என் கணவரும் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தோம். முதலில் காப்பிப் பழம் பறித்தேன். பிறகு தோட்டத்து பங்களாவில் தங்க வருகிறவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். போகப் போகச் சமையலே என் கைக்கு வந்துவிட்டது. மகள் ஊரில் என் மாமனாரிடம் வளர்ந்தாள். மாமியார் எப்போதோ போய்விட்டார். மாமனாரே சோறாக்கிப் போட்டு, தலை பின்னிவிட்டு, அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஞாயிறு சாயங்காலம் நான் ஃபோன் பண்ணினால், “இன்னிக்கி இன்னாம்மா செஞ்ச?” என்பதுதான் அவள் முதல் கேள்வி. கோழித் தோலுக்கு அடியில் வெண்ணெய் தடவியதிலிருந்து ஆப்பிள் மேல் தூவிய மாவு சிவந்தது வரை ஒன்று விடாமல் சொல்வேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நடுவில், “ம், அப்பறம்?” என்பாள்.

அவளுக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. அத்தனை கோழி செய்தும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நான் சாப்பிட்டதில்லை. மேசைக்கு முழுசாகப் போகும். எலும்பாகத் திரும்பி வரும். அந்த எலும்பில் சூப் வைத்துக் குடிப்பேன், அவ்வளவுதான்.

பங்களாவில் ஓவன் இருந்தது. இங்கே விறகடுப்பும் ஒரு கேஸ் அடுப்பும்தான். ரோஸ்ட்டுக்கு மேலும் கீழும் சூடு வேண்டும். யோசித்துவிட்டு, விசேஷங்களுக்கு எடுக்கிற கனமான இரும்புச் சட்டியைக் கீழே இறக்கினேன். அதற்குப் பொருத்தமாக ஓர் இரும்பு மூடியும் இருந்தது. மூடி மேலே நெருப்புக் கங்கைக் கொட்டினால் அதுவே ஓவன்.

என் கணவர் மலை இறங்கி ஆலங்காயத்துக்குப் போய் உருளைக்கிழங்கும் கேரட்டும் வெண்ணெயும் வாங்கி வந்தார். எங்கள் கோழிகளில் இன்னும் முட்டை வைக்காத இரண்டு இளங்கோழிகளைப் பிடித்தேன். முற்றின நாட்டுக்கோழியை என்ன செய்தாலும் ரோஸ்ட்டுக்கு மெதுவாகாது. இறகு பறித்து, நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவினேன். பூண்டு, மிளகு, எலுமிச்சம்பழச் சாறு எல்லாவற்றையும் வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் விரல் விட்டுத் தடவினேன். வயிற்றில் வெங்காயத்தை அடைத்துக் கால்களை நூலால் கட்டினேன்.

“வெட்டாமயே வெக்கப் போறியா? உள்ள வேகுமா?” என்றார் கணவர்.

“வேகும். நீங்க கங்கு மட்டும் அணையாம பாத்துக்குங்க.”

சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி முதலில் மெதுவாக வேகவைத்தேன். தண்ணீர் சுண்டியதும் உருளையையும் கேரட்டையும் சுற்றிலும் அடுக்கி, மூடிமேல் கங்கைக் கொட்டினேன். சட்டி பெரிது என்பதால் வாசலில்தான் அடுப்பு கூட்டியிருந்தேன். அப்போது பார்த்துத் தூறல் பிடித்துக்கொண்டது. கணவர் ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்தார். தான் நனைந்துகொண்டே, மூடிக்குக் குடை பிடித்து நின்றார்.

அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டுக்காரி, “இன்னாண்ணா, சட்டிக்கு ஜொரமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் குடையை நகர்த்தவில்லை.

அதற்குள் நான் இனிப்பைப் பார்த்தேன். ஆப்பிளுக்கு எங்கே போவது? எங்கள் மரத்துப் பலாப்பழமே பழுத்துக் கிடந்தது. சுளைகளை நறுக்கி வெல்லத்தில் லேசாகப் புரட்டினேன். மைதாவுக்குப் பதில், சாமையை வறுத்துக் கொரகொரப்பாகத் திரித்து, நெய்யும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் பிசிறினேன். கோழியை இறக்கியதும், அதே கங்கின் சூட்டில் இன்னொரு சட்டியில் இதை வைத்தேன்.

சட்டியைத் திறந்தபோது தோல் நன்றாகச் சிவந்து, வெண்ணெய் மினுமினுத்தது. ஒரு கோழிக்கு மட்டும் முதுகுப் பக்கம் கொஞ்சம் கருகல். அடியில் தேங்கிய சாற்றில் ஒரு கரண்டி மாவு கரைத்து, கெட்டியாகக் குழம்பு காய்ச்சினேன். இரண்டு கோழிகளையும் தாம்பாளத்தில் முழுசாக வைத்து நடுவீட்டுக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் தாம்பாளத்தைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள்.

“நீ உக்காரும்மா, நான் வெக்கிறேன்,” என்றாள் மகள்.

“உனக்கு அறுக்கத் தெரியாது.”

“அறுத்துட்டு உக்காரு.”

பங்களாவில் அறுப்பது, விருந்தாளிகளோடு மேசையில் உட்காரும் தோட்டத்து முதலாளியின் வேலை. சமையலறைக் கதவருகே நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் கத்தியைத் தொடைச் சந்தில் வைத்ததுமே கால் தானாகக் கழன்று வந்தது. அந்த முதல் காலை மாமனாருக்கு வைத்தேன். அவருக்குப் பாதிப் பல் இல்லை. அவர் மெல்லத் தொடங்கினார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாங்க மாமா?”

“இரும்மா,” என்றார். எலும்பைச் சுத்தமாக உறிஞ்சி வைத்தார். பிறகு தட்டை நீட்டினார். “கறி பூவாட்டம் கீது. அந்தக் குழம்ப இன்னும் கொஞ்சம் ஊத்து.”

மகள் என்னை உட்காரவைத்து, நெஞ்சுப் பகுதியில் தோலோடு ஒரு பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். கடித்தேன். இவ்வளவு நன்றாகவா இத்தனை நாள் நான் சமைத்திருக்கிறேன் என்று இருந்தது. கண் கலங்கியதை மிளகின் மேல் போட்டுச் சமாளித்தேன். பலாப்பழ இனிப்பை மகள் வழித்து வழித்துத் தின்றாள். “ஃபோன்ல சொன்னத விட நல்லா கீதும்மா” என்றாள். ஆப்பிளில் செய்ததைவிட இதுவே உயர்த்தி என்று எனக்கும் தோன்றியது. வெல்லமும் சாமையும் அப்படிச் சேர்ந்திருந்தன. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. கிண்ணம் திரும்பி வரும்போது கூடவே அவளும் செய்முறை கேட்டு வந்தாள். நின்று நிதானமாகச் சொன்னேன்.

மறுநாள் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மாமனார் வீட்டுக்குப் பின்னால் முழங்கால் வரை சேறாக நின்று வைக்கோலும் மண்ணும் மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கல் குவிந்து கிடந்தது.

“இன்னாங்க மாமா பண்றீங்க?”

“அடுப்பு கட்றேன். மேலயும் கீழயும் சூடு நிக்கிற மாதிரி. அவன எத்தினி தபா கொட புடிக்க வெப்ப?” என்றார். “காத்து எந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தெரியும். கோழிக்கு எவ்ளோ எடம் வேணும்னு நீ சொல்லு.”

இரண்டு கைகளையும் நன்றாக அகட்டிக் காட்டினேன்.

“நாலு கோழிக்கு வெச்சே கட்டுங்க மாமா,” என்றேன்.