சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். திமிங்கிலம் பார்க்க வருகிற காலத்தில் அறை காலியாக இருக்காது. வருகிறவர்கள் யன்னலைத் திறந்து துறைமுகத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன், நின்று கதைப்பதில்லை. நினைத்தபோது நினைத்த நாட்டுக்குப் போகிற மனிதர்களைக் கண்டால் எனக்கு வயிற்றெரிச்சல். மறைக்க என்ன இருக்கிறது.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் என் தம்பி. அகதியாகப் போய் ஐரோப்பாவில் இருக்கிறான். அங்கே அவனுக்குக் கொடுத்த பயணப் பத்திரத்தோடு வேறு நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் ஏலாது. சரி, அம்மாவாவது போய்ப் பார்க்கட்டும் என்று கொழும்புக்கு இரண்டு தரம் விசா கேட்கப் போனோம். இரண்டு தரமும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "மகனைப் பாக்க" என்றார் அம்மா. மகனிடம் போகிற தாய் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு தரமும் கையை விரித்துவிட்டார்கள்.

தம்பி போகும்போது தலை நிறைய மயிர். இப்போது தொலைபேசியில் தெரிகிற தலையில் முன்பக்கம் வெளித்துவிட்டது. அந்தத் தலையை ஒருக்கால் தடவிப் பார்த்தால் காணும் என்பார் அம்மா. வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

ஒரு காலையில், மேலே தங்கியிருந்த பொடியன் ஒருவன் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துச் சாப்பிட்டபடி என்னிடம் கேட்டான், நீங்கள் விசா இல்லாமல் எங்கே போகலாம் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கந்தளாய்க்கு" என்றேன். பக்கத்து ஊரான அதை அவன் ஏதோ ஒரு நாடு என்று நம்பித் தொலைபேசியில் தேடினான். குளம் ஒன்றின் படம்தான் வந்தது. பிறகு விளங்கிக்கொண்டு சிரித்தான். சிரித்துவிட்டு மறுபடியும் தேடி, "சிங்கப்பூருக்குப் போகலாமே" என்றான்.

நான் நம்பவில்லை. பின்னேரம் டவுனில் டிக்கட் போடுகிற கடைக்குப் போய்க் கேட்டேன்.

"ஓம் அக்கா, விசா தேவையில்லை" என்றாள் அங்கே இருந்த பிள்ளை. "திரும்பி வாற டிக்கட், தங்கிற இடம், செலவுக்குக் காசு எல்லாம் இருக்கவேணும். அதுக்குப் பிறகும் உள்ள விடுறதும் விடாததும் அங்க வாசல்ல இருக்கிற ஆளின்ட கையில."

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"கனகாலமா இப்பிடித்தான் அக்கா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளிநாடு என்றால் விசா, விசா என்றால் இல்லை என்ற பதில். அதிலேயே ஊறிப்போன எங்கள் வீட்டில், பூட்டாத கதவு ஒன்றும் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் அங்கே சந்திக்கலாம் என்று தம்பிக்குச் சொன்னேன். அவனுடைய பத்திரத்துக்கு சிங்கப்பூர் போக விசா வேண்டுமாம். ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு விசா வேண்டும், திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு வேண்டாம். அம்மா இதைக் கேட்டு நாள் முழுக்கச் சிரித்தார். அவன் விண்ணப்பித்து எடுத்துவிட்டான்.

இனி வாசலில் இருக்கிற ஆள்தான் பயம். நான் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையைப் போட்டு அதிகாரியாக உட்கார்ந்தேன். அம்மா கைப்பையோடு முன்னால் நின்றார்.

"ஏன் வந்தனீங்கள்?"

"சுத்திப் பாக்க."

"என்னத்தைச் சுத்திப் பாக்க?"

"கடல்" என்றார் அம்மா.

"கடலா? எங்கட வீட்டு யன்னலத் திறந்தாலே கடல்தானே. மிருகக்காட்சிசாலை எண்டு சொல்லுங்கோ. வாய் தவறியும் மகன் எண்ட கதை எடுக்கக்கூடாது. அந்த வார்த்தையாலதான் ரெண்டு தரம் கெட்டது."

அம்மா தலையாட்டினார். ஆனால் திரும்பி வருவோம் என்பதற்குச் சாட்சியாக வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தைக் கைப்பைக்குள் வைத்தார். அது போதாதென்று, குசினிப் பின்பக்கம் அடைகிடந்த கோழியை என் தொலைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். "குஞ்சு பொரிக்கிற கோழிய விட்டுட்டு ஆராவது அங்க நிப்பினமோ?" என்று கேட்டார். எடுத்தேன். எடுக்காவிட்டால் விடமாட்டார்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் அம்மாவை வரச்சொல்லிக் கையைக் காட்டிய அதிகாரி ஓர் இளம்பெண். அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க அம்மா?"

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று மிருகக்காட்சிசாலை, மிருகக்காட்சிசாலை என்று மனதுக்குள் செபித்தேன். தமிழைக் கேட்டதும் அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"மகனைப் பாக்க வந்தனான்" என்றார்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "மகன் இங்க வேலை பாக்கிறாரா?"

"இல்ல பிள்ளை. அவனும் வேற நாட்டில இருந்து வாறான். எங்கட ஊருக்கு அவன் வர ஏலாது. அவன்ட ஊருக்கு என்னை விடினமில்லை. அதுதான் இங்க வந்தனாங்கள்."

அவள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடவுச்சீட்டை நீட்டி, "போய்ப் பாருங்கம்மா" என்றாள்.

அம்மா நகரவில்லை. "காணி உறுதி கொண்டு வந்தனான். கோழியின்ட படமும் இருக்கு" என்றார்.

"வேண்டாம்மா, போங்க" என்று அவள் சிரித்தாள். கடவுச்சீட்டில் ஒரு முத்திரைகூடக் குத்தவில்லை. இப்போது அங்கே அப்படித்தானாம். அம்மாவுக்கு அதில் பெரிய குறை. எல்லாம் காட்ட ஆயத்தமாக வந்தவரிடம் ஒன்றுமே வாங்கிப் பார்க்காமல் விட்டுவிட்டார்களே என்று வழியெல்லாம் புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

வெளியே தம்பி நின்றான். எனக்கு அவனைத் தெரிந்தது, அம்மாவுக்கு ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவன் குனிந்தான். அம்மா கைப்பையை என்னிடம் எறியாத குறையாகத் தந்துவிட்டு, இரண்டு கையாலும் அந்த வெளித்த தலையைப் பிடித்துத் தடவினார். நானும் தம்பியும் அழுதோம்.

அம்மா அழவில்லை. தலையைத் தடவியபடியே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மகனைப் பாக்க எண்டுதான்ரா சொன்னனான். அதுக்குத்தான் அந்தப் பிள்ளை உள்ள விட்டவள்."