எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில்

எழுபதுகளில், விருத்தாசலம் பீங்கான் பட்டறை ஒன்றில் கல்மாவு அரைத்த எங்கள் மூச்சை அளக்க ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் பென்சிலும் ரப்பரும். எந்த விடையையும் ஒரே எண்ணாக எழுதமாட்டார். இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு.

“தூசு நெஞ்சக் கெடுக்க எத்தினி வருசம் ஆவும் சார்?”

“கணக்குப்படி எட்டுலேர்ந்து இருவது. அதுக்குள்ள எங்கியோ இருக்குது.”

“முடியாம வேலைய வுட்டு நின்னவங்களையும் சேத்தீங்களா?” என்றேன்.

அவர் பென்சில் நின்றது. வேலைக்கு வந்தவர்களை மட்டுமே அளந்திருந்தார்.

மறுநாள் என்னோடு கம்மாபுரம் பக்கம் வீடு வீடாக வந்தார். இருமிக்கொண்டு படுத்திருந்தவர்களிடம், எத்தனை வருடத்தில் நெஞ்சு கெட்டது என்று கேட்டுக் குறித்தார். கடைசியில் எட்டை அழித்து மூன்று என்று எழுதி, நோட்டை மறைக்காமல் என் பக்கம் திருப்பினார்.

எனக்கு அப்போது நாலு வருட சர்வீஸ். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் அழிக்காமல் விட்ட இருபதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.