ஆறாவது பை

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்போது நடந்தது. பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்த நான், பெங்களூருக்கு வெளியே பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கிழிந்த பாராசூட்டைத் தைக்க வேண்டும், குதித்து முடித்ததை மறுபடி மடித்துக் கட்ட வேண்டும். முதல் மாதம் பழகுவதற்கு. ஒத்துவந்தால் மையத்தின் நீல டி-ஷர்ட்டைக் கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள்.

அந்த டி-ஷர்ட் மேல் எனக்கு அப்படி ஒரு வெறி! பெங்களூர் ஜீவனஹள்ளிக்காரியான எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அங்கே இருந்தவர்களோ இங்கிலீஷில் வெளுத்துவாங்குவார்கள். எனக்கு அதில் பாதி புரியாது. "ஏ கார்மென்ட்ஸ்!" என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே சிரிப்பேன், உள்ளே பற்றிக்கொண்டு வரும். மடிக்கும் மேசைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார்.

மடிக்கும்போது துணி நழுவாமலிருக்க அதன்மேல் ஈயக்குண்டு நிரப்பிய சின்னக் காக்கிப் பைகளை வைப்போம். மொத்தம் ஆறு. ஒவ்வொரு பாராசூட்டையும் மூடுமுன் ஆறும் ஆணியில் தொங்குகிறதா என்று எண்ணி, உரக்கச் சொல்ல வேண்டும். ஒன்று உள்ளே தங்கிக் கயிற்றில் சிக்கினால் பாராசூட் விரியாமல் போகலாம். சேர்ந்த அன்றே அக்கா இதைச் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், பயிற்சியாளர்கள் முதல்முறையாக என்னைத் தங்களோடு சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் எலுமிச்சை சாதத்தில் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டு, நாளைக்கு எனக்கு டி-ஷர்ட் என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் குஷியில் நாலு பாராசூட் கட்டினேன், எண்ணாமலே "ஆறு, ஆறு" என்று கத்தினேன். அக்கா ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு ஆணியைப் பார்த்தால் ஐந்துதான் இருந்தது.

மேசைக்கடியில், மிஷினுக்குப் பின்னால், எங்கெங்கோ தேடினேன். இல்லை. தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லி, நாலையும் பிரிக்க வேண்டியதுதான் முறை. சொன்னால் சிரிப்பார்கள், டி-ஷர்ட்டும் போச்சு. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு காக்கித் துண்டை வெட்டி, வாசலில் இருந்த தீயணைப்பு வாளியிலிருந்து மணலை அள்ளிப் போட்டு, அச்சு அசலாக ஒரு பை தைத்து ஆணியில் மாட்டினேன். உள்ளேயா போயிருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். வெட்கக்கேடு, அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் காலை விமானத்தின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் பாராசூட்டை முதுகில் மாட்டி வரிசையில் நின்றார்கள். உள்ளே அக்கா பைகளை எடுத்தவர், ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது இன்னா, இவ்ளோ லேசா கீது? யார் தச்சது?"

நான் மேசையில் கிடந்த கயிற்றை நேராக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நேத்து எத்தினி கட்டின?"

"நாலுக்கா."

அவ்வளவுதான், வெளியே ஓடி விமானத்தை நிறுத்திவிட்டார். நான் கட்டியதில் முதல் இரண்டையும் பிரித்தோம், இல்லை. மூன்றாவது பாராசூட் ஒரு கல்லூரிப் பெண்ணின் முதுகில் இருந்தது. நான்தான் போய்க் கழற்றினேன். "ஸாரிக்கா, நான் ஸ்ட்ராப் தப்பா போட்டுட்டேனா?" என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள், கயிறுகளுக்கு நடுவில் இருந்தது பை.

தலைமைப் பயிற்சியாளர் முகம் சிவக்க வந்து, யார் வேலை இது என்று கேட்டார். அக்கா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டேபிள் என் பொறுப்பு சார். பை லெக்கா நான்தான் சரியா எண்ணிப் பாக்கல," என்றார் அக்கா.

அன்றே அவரிடமிருந்து மேசைப் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் எனக்கு டி-ஷர்ட் கிடைத்தது. நானும் கைநீட்டி வாங்கிக்கொண்டேன், பாருங்கள்.

கிளம்பும்போது அக்கா அந்த மணல் பையை என் கையில் வைத்தார். "நீயே சொல்லுவேன்னு பாத்தேன். தையல் மட்டும் சுத்தமா கீது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பத்து நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலை செய்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய்யைச் சொல்லி நின்றுவிட்டேன். உண்மையை அங்கே யாரிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது வீட்டு வாசலிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். "தையல் சுத்தமா இருக்குக்கா" என்று யாராவது வாய்நிறையப் பாராட்டும்போதெல்லாம் எனக்குக் கேட்பது அந்த அக்காவின் குரல்தான்; இத்தனை வருடமாகியும் அந்த நேரத்தில் என்னால் தலைநிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.