கூப்பிடவில்லை என்றால் நலம்

"கூப்பிடலன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்னு சொன்னது நீங்கதானே?"

ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் நின்று அந்த அக்கா இப்படித்தான் கேட்டார். பெயர் ராஜம்மா. கணவர் தனபாலன், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் அப்போது அரசாங்க மருத்துவமனையில் கிடந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டன. போன வருடம் கம்பெனியில் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் எங்கே என்று டாக்டர் கேட்க, அதை வாங்க ராஜம்மா வந்திருந்தார்.

கவுண்டர் பெண் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு ரத்தமே குடுக்கல போல, அக்கா. பேரே இல்ல" என்றாள்.

"குடுக்கலயா? பஞ்ச அழுத்திப் பிடிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தாரு லா!"

சத்தம் கேட்டு நான் உள்ளேயிருந்து வந்தேன். அங்கே டேட்டாவைப் பார்க்கிறவள் நான்தான். வேலை எளிது. தொழிற்சாலை ஆட்களின் ரத்தத்தைச் சோதிக்கும் மிஷின் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் துப்பும். எங்கள் ப்ரோக்ராம் அதை இம்போர்ட் செய்து, சராசரி போட்டு, அளவு மீறியவர்களைப் பிரித்துக் கொடுக்கும். அவர்களுக்கு மட்டும் போன் போகும். மற்றவர்களைக் கூப்பிடுவதில்லை. ப்ரோக்ராம் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ராஜம்மாவை உட்காரவைத்துவிட்டு மிஷினின் பழைய ஃபைலை அப்படியே திறந்து பார்த்தேன். தனபாலன் இருந்தார். கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியாட்டினின் அளவு அன்றைக்கே எக்கச்சக்கம்.

ஃபைலில் இருக்கிறவர் ப்ரோக்ராமுக்குள் வந்ததும் எங்கே போனார்? அந்த மிஷின் எண், பெயர், அளவு மூன்றையும் சாய்கோடு போட்டுப் பிரித்து எழுதும். ஒரு வரிக்கு மூன்று துண்டு. இந்த நாட்டில் நம் ஆட்களின் பெயர் அடையாள அட்டையில் எப்படி இருக்கும்? தனபாலன் ஏ/எல் சின்னையா. சின்னையாவின் மகன் என்று சொல்ல நடுவில் ஒரு சாய்கோடு. மூன்று துண்டாக வரவேண்டிய வரி நான்காக உடைந்துவிட்டது. துண்டுக் கணக்கு சரியில்லாத வரியைத் தாண்டிப் போ, எச்சரிக்கையும் காட்டாதே என்று ப்ரோக்ராமில் எழுதியிருந்தது. மிஷின் பக்கத்துக்குப் பக்கம் குப்பை வரிகளை அச்சடிக்கும், அவற்றைத் தள்ளத்தான் எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதியிருக்கிறார். அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். என்ன பிரயோஜனம்?

தள்ளிப்போன வரிகளை மட்டும் ஸ்கிரீனில் வரவழைத்தேன். குப்பை வரிகளுக்கு நடுவே பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஏ/எல், ஏ/பி, ஏ/எல். அத்தனையும் மகன்கள், மகள்கள். அத்தனையும் நம் ஆட்கள். இவர்களையெல்லாம் விட்டுவிட்டுப் போட்ட சராசரி அழகாக வந்திருந்தது. கம்பெனிக்குப் போன ரிப்போர்ட்டில் கலர் கலராய்ப் படம் வேறு.

மேலாளர் ஹனிஃபா பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அலமாக்! ப்ரோக்ராம் எரர் எதுவும் காட்டலயே?"

"காட்டாதன்னு எழுதி வச்சா எப்படி பாய் காட்டும்?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வெளிய யாருக்கும் சொல்லாத. மொதல்ல மேல கேட்டுக்கிறேன்."

"நீங்க கேளுங்க. அந்த அக்காவுக்கு நான் சொல்லத்தான் போறேன்."

எனக்குக் கோபம் வந்தால் மேலிடம் கீழிடம் தெரியாது. பாய் என்னை முறைத்தார். பிறகு ரிசல்ட்டை அவரே அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார்.

ராஜம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அவங்க அப்பா பேரத்தானம்மா போட்டாரு?" என்றார். ரிசல்ட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசம் பாத்தாரு. போன் வரலன்னதும் கோயில்ல அர்ச்சனை பண்ணாரு. அப்புறம் காலு வீங்குச்சு. கிளினிக்குக்கு வாங்கன்னு கெஞ்சினேன். அதான் அவங்க கூப்பிடலயே, ஒன்னும் இருக்காதுன்னுட்டாரு."

அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் மருந்தும் பத்தியமுமாக இன்னும் பல வருடம் ஓட்டியிருக்கலாம் என்று எங்கள் டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அதை மட்டும் ராஜம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ப்ரோக்ராமைத் திருத்துவது ஒரு பெரிய விஷயமே இல்லை. முதல் துண்டு எண், கடைசித் துண்டு அளவு, நடுவில் எத்தனை துண்டு இருந்தாலும் அது பெயர். அவ்வளவுதான். இதற்கா ஒருவரின் இரண்டு கிட்னியும் போகவேண்டும் என்று நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபைலில் எத்தனை பேர் இருந்தார்கள், ப்ரோக்ராமுக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று முதலில் எண்ணுங்கள். சராசரியெல்லாம் பிறகு. தள்ளுகிற வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். எச்சரிக்கையின் வாயை அடைக்காதீர்கள்.

திருத்திய ப்ரோக்ராமை எல்லாப் பழைய ஃபைல்களின் மேலும் ஓட்டி, விட்டுப்போனவர்களில் அளவு மீறியவர்களுக்கான அழைப்புப் பட்டியலை எடுத்த அன்று காலையில்தான் தனபாலன் இறந்த செய்தி வந்தது. மேலிடம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஹனிஃபா பாய் காத்திருக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாய்ப் போன் போடலாம் என்றார். பட்டியலில் முதல் பெயர் தனபாலன்.

"இந்த வரிய எடுத்துரவா? இனிமே யாரக் கூப்பிடறது?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"எடுக்காதீங்க பாய். ஒரு தடவ எடுத்தது போதும்."

மற்ற எல்லோரையும் கூப்பிட்டோம். சிலர் பயந்தார்கள், சிலர் திட்டினார்கள், எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, தனபாலனின் போன் எண்ணைப் பிறகு நான் அழைத்தேன். ராஜம்மா எடுத்தார்.

"ரத்தம் டெஸ்ட் எடுத்த எடத்துலேர்ந்து கூப்பிடறேன், அக்கா" என்றேன்.

"இப்பத்தான் கூப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழுதார். நானும் அழுதேன்.