தொட்டி நிறைந்த ஞாயிறு

என் கணவருக்குக் குடலில் சத்திரசிகிச்சை நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயிற்றின் இடப்பக்கத்தில் சிறு திறப்பு வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி ஆயுள் முழுக்க மலம் அந்த வழியாகத்தான். வீட்டில் அதைப் 'பை' என்று மட்டும் சொல்வோம். சொல்வதும் குறைவு. பையை மாற்றப் போனால் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயையும் திறந்துவிடுவார். சத்தம் எனக்குக் கேட்கக்கூடாதாம். ஆஸ்பத்திரித் தாதி எனக்கும் ஒரு பொம்மையில் மாற்றக் காட்டித் தந்திருந்தார். என் கணவர்தான் ஒரு நாளும் என்னைக் கிட்ட விட்டதில்லை.

"நான் கார்டறியில எத்தினை பிள்ளையளுக்கு மாத்திறனான்" என்று ஒருமுறை சொன்னேன். பதினைந்து வருடமாகக் குழந்தைகள் காப்பகத்தில்தான் எனக்கு வேலை.

"அது பிள்ளையள்" என்றார்.

அதற்கு முன்பெல்லாம் கோடை வந்தால் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். மொன்றியலில் லாசால் பக்கம் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தொழிற்சாலையில் இயந்திரங்களைத் திருத்துகிறவர் அவர். வருடம் முழுக்க இரைச்சலுக்குள் நின்றவருக்கு அந்த ஒரு கிழமை வேண்டும். அந்த வருடம் மட்டும் மாட்டேன் என்று நின்றார். "பொதுக் கக்கூஸில ஆக்கள் வரிசையில நிக்கேக்க நான் உள்ளுக்க நிண்டு என்னத்தைச் செய்யிறது?"

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். "ஆர்வி எடுங்கோ அப்பா. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வாகனத்துக்குள்ளேயே இருக்கு. கதவு பூட்டலாம்."

கதவு பூட்டலாம் என்றதில்தான் அவர் இறங்கிவந்தார் என்று நினைக்கிறேன். லவாலில் ஓய்வுபெற்ற ஒரு கியூபெக்காரர் தன் ஆர்வியை வாடகைக்குக் கொடுத்தார். அடியில் இரண்டு தொட்டிகள் இருப்பதைக் குனிந்து காட்டினார். கைகழுவுகிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு ஒன்று. கக்கூஸுக்கு மற்றது. நிறைந்தால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும், அதற்கென்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும், பாதைகளில் அப்படி நிறைய இடங்கள் உண்டு என்றார். என் கணவர் குழாயைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார். எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் முகத்தில் ஒரு தொழில் தெரிந்தவனின் களையைக் கண்டேன்.

மொன்றியலிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். ஒரு சின்ன ஏரிக்கரை ஊர், ஊருக்கு வெளியே காட்டோரமாக எங்கள் இருவருக்கும் முகாம் இடம். வெள்ளியும் சனியும் நன்றாகவே போயின. ஞாயிறு காலை தேத்தண்ணி வைக்க எழும்பினேன், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாளில எப்பிடியப்பா நிறைஞ்சது?"

கேட்டிருக்கக்கூடாது. கட்டிலில் இருந்தபடி விளக்கையே பார்த்தார்.

"நான்தான். மணக்கக்கூடாதெண்டு திரும்பத் திரும்பத் தண்ணி விட்டனான்."

முகாமில் இருந்த கழிவு இறக்கும் இடத்துக்குக் குறுக்கே சங்கிலி கட்டி, வேலை செய்யவில்லை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதான் ஆள் வருமாம். ஊருக்குள் உல்லாசப் பயண அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். அங்கே மேசையில் இருந்த பெண் ஒரு வரைபடத்தை விரித்து மூன்று இடங்களில் பேனாவால் வட்டம் போட்டுத் தந்தாள். மூன்று இருக்கிறதே என்று சந்தோஷமாகப் புறப்பட்டோம்.

முதல் வட்டம் ஒரு பெற்றோல் நிலையம். நான் இறங்கிப்போய், தொட்டியை வெறுமையாக்குவதற்கான பிரெஞ்சுச் சொல்லால், "விடான்ஜ்" செய்ய வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வரமாட்டார் என்றார். பிறகுதான் விளங்கியது, வாகனத்துக்கு எண்ணெய் மாற்றுவதற்கும் இங்கே அதே சொல்தான். நான் கையால் கீழ்நோக்கி ஊற்றிக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பழைய குழியைச் சீமெந்து போட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் ஒரு பூச்சாடி வேறு.

ஆர்விக்கு ஓடிவந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது வட்டம் இன்னொரு முகாம். வாசலில் நின்றவர், தங்களிடம் தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த நீள வாகனத்தைத் திருப்ப இடமில்லை. நான் இறங்கி நின்று கை காட்ட, என் கணவர் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். நான் திரும்ப ஏறியபோது அவருடைய நெற்றி முழுக்க வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்சத் தூரம் போனபின் எனக்கு மணத்தது. தொட்டிதான் என்று நினைத்து ஜன்னலைத் திறந்தேன். அவர் ஒரு சோளத் தோட்டத்தின் ஓரமாக வாகனத்தை நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

"இஞ்சரும்" என்றார். "பை விட்டிட்டுது."

விடியலிலிருந்து அவர் அதை வெறுமையாக்கவே இல்லை. தொட்டியில் இடமில்லை, பெற்றோல் நிலையத்துக் கக்கூஸுக்குள் போக மனமில்லை. கேட்டுக் கேட்டுத் திரிந்த மூன்று மணி நேரமும் ஒன்றும் சொல்லாமல் வயிற்றில் கனத்த பையோடு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஓரம் கழன்று சட்டை நனைந்துவிட்டது.

"ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? உம்மட லீவையும் நான்தான் நாசமாக்கிப்போட்டன்."

"அலட்டாமல் எழும்பிப் பின்னுக்கு வாங்கோ."

"நீர் வெளியில நில்லும். நான் செய்யிறன்." எழும்பப் பார்த்தார். சட்டைக்குள் இன்னும் வழிந்தது. திரும்பவும் இருந்துவிட்டார். சட்டையைக் கையால் பொத்திக்கொண்டு, "சரி, வாரும்" என்றார்.

கட்டிலில் பழைய துவாயை விரித்து அவரைப் படுக்க வைத்தேன். கேத்திலில் கொஞ்சம் தண்ணீர் சூடாக்கினேன். பையின் ஓரத்தை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றிக் கழற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டினேன். முதன்முறையாக அந்தத் திறப்பைப் பார்த்தேன். உதட்டின் உட்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது. நான் இத்தனை மாதம் மனதில் வைத்திருந்த காயத்தைவிட எவ்வளவோ சின்னது. சுற்றித் தோல் அவிந்து போயிருந்தது. அந்த எரிவையும் அவர் சொல்லவில்லை.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "உமக்கு அருவருக்கேல்லையே?"

"இல்லை. அசையாமல் கிடவுங்கோ."

கழுவி, ஒற்றி, தாதி காட்டித் தந்தபடி பசைத்தாளின் துளையை அளவுக்கு வெட்டிப் புதுப் பையை ஒட்டினேன். ஒட்டியபின் உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். கைச் சூட்டில்தான் பசை பிடிக்கும். அப்படியே வைத்திருந்தேன். அவருடைய மூச்சுக்கு என் கை ஏறி இறங்கியது. வெளியே ஒரு டிராக்டர் போனது. பசை பிடிக்க ஒரு நிமிடம் போதும். நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்சத்தில் அவருடைய கை வந்து என் கைக்கு மேல் இருந்தது.

"பூச்சாடியும் வச்சவங்களோ?" என்றார், இன்னும் சுவரைப் பார்த்தபடி.

"ஓமப்பா. மஞ்சள் பூ."

அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறார். "சிரிக்காதேங்கோ, கழண்டிடப்போகுது" என்றேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

மூன்றாவது வட்டம் ஊரின் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்துக்குப் பின்னால், முட்டுச் சந்து ஒன்றின் முடிவில். சீமெந்துத் தரை, நடுவில் மூடியோடு ஒரு துளை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். கோவிலைக் கண்டதுபோல இருந்தது எங்களுக்கு. ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குழாயைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வால்வைத் திறந்தார். குழாய் ஒருமுறை துள்ளிவிட்டுக் கனத்தது.

"போகுது! போகுது!" என்று கத்தினார். பின்னால் வந்து நின்ற வாகனத்துக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் கணவரும் கையுறையோடு கையை உயர்த்தினார்.

மத்தியானம் முகாமுக்குத் திரும்பியதும் சோறு இருக்கிறதா என்று கேட்டார். விளக்கு எரிந்ததிலிருந்தே, பை நிறையாமல் இருக்கட்டும் என்று ஒன்றும் சாப்பிடவில்லையாம். இருந்த சோறும் பொரித்த மீனும் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். பின்னேரம் கறுப்புப் பனியனோடு ஏரிக்குள் இறங்கி நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, குளிர் என்று கரையில் நின்ற என்னை "வாருமப்பா, பழகியிடும்" என்று கூப்பிட்டார். நானும் சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குத் துவாயைப் போர்த்தியபடி முழங்கால் வரை போனேன்.

லவாலில் வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, தொட்டி எப்படி நிறைந்தது என்பதை அவரே தன் உடைந்த பிரெஞ்சில் அந்த மனிதருக்கு விளக்கினார். சட்டைக்கு மேலால் வயிற்றைத் தட்டியும் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஓர் அந்நியரிடம் அதைப் பற்றி அவர் பேசியது அதுவே முதல்தடவை.

இப்போதும் பெரும்பாலும் அவரே மாற்றிக்கொள்கிறார். தோல் புண்ணாகிற நாட்களில் மட்டும் "இஞ்சரும், ஒருக்கா வாரும்" என்று கூப்பிடுவார். நான் கையைக் கழுவி, சூடு வரும்வரை இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டு போவேன்.