நடுவை வெட்டிய பெட்டி

ஹெவி மெட்டல் வாசிக்கிற கிட்டார்காரனுக்கு காலால் மிதித்து இயக்கும் டிஸ்டார்ஷன் பெடல் என்கிற சின்னப் பெட்டிதான் மூஞ்சி. கிட்டாரிலிருந்து வரும் ஒலியின் முகட்டை அதற்குள்ளிருக்கும் டையோடுகள் வெட்டித் தள்ளும். அப்படி வெட்டுப்பட்ட ஒலிதான் அந்த உறுமல். எப்படி வெட்டுகிறது, வெட்டிய பிறகு எந்த ஒலியைத் தூக்கி எதை அமுக்குகிறது என்பதெல்லாம் சர்க்யூட்டுக்குச் சர்க்யூட் மாறும். எங்கள் பேண்டில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் திமிருக்கும் என்னிடம் குறைச்சல் இல்லை.

நாங்கள் நாலு பேர். டிரம்ஸ் அடிப்பவனின் அப்பாவுக்கு மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில். அங்கே காலியாகக் கிடந்த குடோனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ராக்டீஸ். பேஸ் வாசிப்பவனே பாடுவான், அதாவது கத்துவான். கிட்டார் இரண்டு. ஒன்று நான். இன்னொருவன் பாலக்கரைக்காரன், அவனுடைய அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய கிட்டாரைக் குழந்தை மாதிரி துடைத்துக்கொண்டே இருப்பான். எங்கள் இருவருக்கும் பெடல் செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு சர்க்யூட்டுகளைப் பிரெட்போர்டு என்கிற சோதனைப் பலகையில் செருகி ஒப்பிட்டேன். ஒன்றில் நடு ஒலி தூக்கல். ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் மூக்கால் அழுதது. இன்னொன்று நடுவை அடியோடு வெட்டிவிட்டு, கனத்த அடி ஒலியையும் கீச்சென்ற மேல் ஒலியையும் ஏற்றியது. குறைந்த சத்தத்திலேயே நெஞ்சில் இறங்கியது.

குறைந்த சத்தம்தான் விஷயமே. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் வால்யூம் ஒன்றைத் தாண்டினால் அப்பா அறை வாசலில் வந்து நிற்பார். "ஏண்டா, ஆத்துல திருவாராதனம் நடந்துண்டிருக்கு. பெருமாள் நிம்மதியா அமுது செய்ய வேண்டாமா?" ஆகவே என் ஆராய்ச்சி முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, நான் மட்டும். மெட்டல் சர்க்யூட்டை இப்படித் தேர்ந்தெடுத்த புத்திசாலி ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நெஞ்சில் இறங்கியதை எனக்கு வைத்துக்கொண்டேன். மூக்கால் அழுததைப் பாலக்கரைக்காரனிடம் நீட்டி, "உன் வாசிப்புக்கு இது போதும்டா" என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், இதுவே ஜாஸ்தி மாப்ள" என்று வாங்கிக்கொண்டான்.

குடோனில் ஒவ்வொரு வாரமும் "என் கிட்டார் கேக்குதா?" என்று கேட்பேன். டிரம்ஸ்காரன், "செமயா இருக்குடா, அப்படியே விடு" என்பான்.

பிறகு திருச்சியில் ஒரு காலேஜ் விழாவில் வாசித்தோம். அக்கா போனில் எடுத்த வீடியோவை மறுநாள் போட்டுப் பார்த்தேன். என் விரல்கள் ஓடுகின்றன, தலை ஆடுகிறது, முகத்தில் அப்படி ஒரு ஆவேசம். சத்தம் மட்டும் இல்லை. அடி ஒலியை பேஸ் விழுங்கிவிட்டது, மேல் ஒலியை டிரம்ஸின் தட்டுகள் விழுங்கிவிட்டன. கிட்டாருக்கென்று மிஞ்சுவது நடு ஒன்றுதான். அதை நானே வெட்டி எறிந்திருந்தேன். வீடியோ முழுக்கப் பாலக்கரைக்காரனின் கிட்டார்தான் கேட்டது.

"நீ வாசிச்சியாடா, இல்ல சும்மா நின்னுண்டிருந்தியா?" என்றாள் அக்கா. அவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

அடுத்து பெங்களூரில் ஒரு ஷோ ஒப்புக்கொண்டிருந்தோம். அதிலாவது நாலு பேர் காதில் நான் விழுந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடோனில் பாலக்கரைக்காரனிடம், "பெட்டியை மாத்திக்கலாம்டா" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தான்.

முதல் பாட்டிலேயே என் கிட்டார் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பேன். பாதியில் டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்தான்.

"டேய், உன் பழைய பெட்டியையே போட்டுக்க."

"ஏன்டா? இதுலதான நான் வாசிக்கறது கேக்குது."

"அதான்டா பிரச்சனை. உனக்குத் தாளம் நிக்கவே மாட்டேங்குது. ஆரம்பத்துலேர்ந்தே நிக்கல. கேக்காம இருந்துச்சு, நாங்களும் நிம்மதியா இருந்தோம்."

பேஸ்காரன் தரையைப் பார்த்தான். ஆக, எல்லோருக்கும் தெரியும்.

"அப்புறம் எதுக்குடா என்னை வெச்சிருக்கீங்க?"

டிரம்ஸ்காரன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "பெடல் ரிப்பேரானா யாரு பாக்கறது?"

அதில் கேலி இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

பாலக்கரைக்காரன் என் தோளில் கை வைத்து, "நீயே இதை வெச்சுக்க மாப்ள. நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன்" என்றான். அவன் அறைந்திருந்தால் தேவலை. பெட்டியைப் பிடுங்கி அவன் காலடியில் போட்டேன்.

பெங்களூருக்கும் போனேன். போகாமல் இருக்கும் ரோஷம் எனக்கு இல்லை. மூன்றாவது பாட்டில் தந்தியைத் தொடாமலே தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். நாங்கள் அதுவரை வாசித்ததிலேயே அந்தப் பாட்டுதான் நன்றாக இருந்தது.