இசபெல் தின்னாத கோதுமை

எட்டு மாதமாக இசபெல் ஒரு ரொட்டித் துண்டைக்கூடத் தொடவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்தான் நம்பவில்லை.

"ஒளிச்சி சாப்பிடறீங்களா?" என்று போன தடவை கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கோதுமையில் இருக்கும் குளுட்டன் அவள் குடலுக்கு ஆகாது. துளி உள்ளே போனாலும் வயிறு உப்பிக்கொள்ளும். இரண்டு நாள் கழிவறையே கதி. கோதுமையை விட்டால் ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கும் என்றார்கள். விட்டாள். மாதா கோயில் ஞாயிறு பூசையில்கூடக் கோதுமை அப்பத்தை விட்டுத் திராட்சை இரசக் கிண்ணத்தை மட்டும் தொட்டாள். எண் அசையவே இல்லை. வரும் வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் கோதுமை எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

நாற்பத்து நான்கு வயது இசபெல் மலேசியாவில் மந்தினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, செம்பனை வரிசை வீடுகளாகி, அதில் ஒரு வீட்டில் இப்போது குடியிருக்கிறாள். நீலாய் தொழிற்சாலையில் ஷாம்பு போத்தல்களின் லேபிலைச் சரிபார்க்கும் வேலை, பதினெட்டு வருடமாக. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை சிரம்பான் பேரங்காடியிலும் அதே கண்ணோடுதான் நின்றாள். கிச்சாப் என்கிற சோயா சாஸில் கோதுமை. சூப்புக் கட்டியில் கோதுமை. மீன் உருண்டையில், உருளைக்கிழங்கு வறுவலில்கூடக் கோதுமை. பின்னால் தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன.

"இத எடுங்கக்கா, ஆர்கானிக்லா. எல்லாரும் சாப்பிடலாம்" என்று விற்பனைப் பெண் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள்.

"அந்த எல்லாருல நான் இல்லம்மா."

ஒன்றரை மணி நேரத்தில் கூடையில் விழுந்தது வாழைப்பழமும் முட்டையும்தான். பசி காதை அடைத்தது. பக்கத்துத் தெருவில் குமுதவல்லியின் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். மதியக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

"எனக்குக் கோதுமை, மைதா எதுவும் ஆகாதுக்கா."

"அப்ப தோசை சாப்புடு. அரிசி, உளுந்து, அவ்ளோதான்" என்றாள் குமுதவல்லி.

"மைதா மாவு ரொட்டி சானாய் போடற கல்லுலதானே தோசையும் ஊத்துறீங்க?"

"தொடச்சிட்டுத்தான் ஊத்துவோம்."

"எந்தத் துணியால தொடைப்பீங்க?"

குமுதவல்லி இடுப்பில் கை வைத்தாள். "ஏம்மா, நீ சாப்பிட வந்தியா, இல்ல சுகாதார இலாக்காவுலேருந்து வந்திருக்கியா?"

பக்கத்து மேசைகள் சிரித்தன. இசபெலுக்கு முகம் சுட்டது. எழுந்து போயிருப்பாள், போவதற்கு வேறு கடை இல்லை. எல்லாக் கடையிலும் இதே சிரிப்புதான்.

"வெறும் சோறும் ரசமும் குடுங்க. ரசத்துல என்னா போட்டிருக்கீங்க?"

"புளி, மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம். இதுல எங்கேருந்து கோதுமை வரும்?"

"எல்லாத்தோட பாக்கெட்டையும் காட்டுங்களேன்."

"கடவுளே!" குமுதவல்லி உள்ளே போய் டப்பாக்களை அள்ளி வந்து மேசையில் கொட்டினாள். "படி. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படி."

இசபெல் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கடைசி டப்பா பெருங்காயம். எறும்பு அளவு எழுத்து. மூலப்பொருள்களில் முதலாவதே கோதுமை மாவு.

இன்னொரு முறை படித்தாள். எழுத்து மாறவில்லை.

அவள் வீட்டில் பெருங்காயம் டப்பாவில் வருவதில்லை. மளிகைக்கடையில் தாளில் மடித்துத் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய ஜாம் போத்தலில் கொட்டி வைப்பாள். லேபில் இருந்தால்தானே படிப்பதற்கு! வயிறு வலிக்கும்போதெல்லாம், எட்டு மாதமாக, அதைத்தான் மோரில் கரைத்துக் குடித்தாள். வலி கூடினால் இன்னும் ஒரு கரண்டி.

"பெருங்காயத்துல மாவா?" குமுதவல்லி டப்பாவைப் பிடுங்கி எட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "வயித்து வலிக்கே அதத்தானேம்மா குடுக்கறோம்!"

இசபெல் கைப்பேசியை எடுத்தாள். கணவன் அலெக்சாண்டர் முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னாங்க, ரசம் வச்சிட்டீங்களா?"

"வச்சாச்சுலா. காலைல வயிறு வலிக்குதுன்னியே, பெருங்காயம் தூக்கலாப் போட்டிருக்கேன். மோரும் கலக்கி வச்சிருக்கேன்."

"கீழ ஊத்துங்க."

"எத?"

"எல்லாத்தையும்!" கடை திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள்.

"ஏன், உப்பு கூடிப்போச்சா? நீ இன்னும் வாயிலேயே வைக்கலயே!"

அவனைத் திட்டவும் முடியவில்லை. ஐந்து நாளில் எண் இறங்காது. வியாழக்கிழமை டாக்டர் அதே சிரிப்போடு அதே கேள்வியைக் கேட்பார். காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும்.

"அக்கா, இந்த டப்பாவ எனக்குத் தரீங்களா?"

"பாதி இருக்கேம்மா. இரு." குமுதவல்லி மிச்சத்தை ஒரு பழைய ஊறுகாய் போத்தலில் தட்டி மூடினாள். மேலே ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ உரிந்துபோயிருந்தது.

இசபெல் காலி டப்பாவைப் பையில் போட்டாள். பிறகு கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் போத்தலின் மூடியில் அழுத்தி எழுதினாள்: கோதுமை.

"இத யாரும்மா படிக்கப் போறா?" என்றாள் குமுதவல்லி.

இசபெல் பேனாவைக் கல்லாவில் வைத்தாள். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே வெளியே நடந்தாள்.